கிரெபஸ்குலர் கதிர்கள்: விரிவதுபோல் தெரிவது ஏன்?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர் படம் அனுப்பியிருந்தார். மெரின் டிரைவில் மழைக்கால மாலை. கடலுக்கு மேல் கருமேகம், அதன் பின்னாலிருந்து நாலா பக்கமும் விரியும் ஒளிக்கீற்றுகள். "இவற்றைக் கிரெபஸ்குலர் கதிர்கள் என்கிறார்கள். அந்த அடைமொழி எங்கிருந்து வந்தது? அத்தனை தூரத்துச் சூரியனின் கதிர்கள் இணையாகத்தானே வரவேண்டும், ஏன் விரிகின்றன?" என்பது கேள்வி.

லத்தீனில் கிரெபஸ்குலும் என்றால் அந்தி மங்கல். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த இந்த அடைமொழியை, தெளிவில்லாத எதற்கும் எழுத்தாளர்கள் சூட்டினார்கள். விலங்கியலில் அது காலையிலும் மாலையிலும் மங்கிய வெளிச்சத்தில் நடமாடும் முயல் போன்றவற்றைக் குறிக்கும். 1910இல் இத்தாலிய விமர்சகர் போர்ஜேஸே, தணிந்த குரலில் எழுதிய இளம் கவிஞர்களை இதே சொல்லின் இத்தாலிய வடிவத்தால் அழைத்தார், கவிதை அஸ்தமிக்கிறது என்ற தொனியில். வானிலைக்காரர்களோ நட்டநடு மத்தியானத்தில் மேக இடுக்கு வழியே இறங்கும் கீற்றையும் கிரெபஸ்குலர் என்றே எழுதுகிறார்கள். அந்தியாவது ஒன்றாவது!

சரி, கதிருக்கு வருவோம். காற்றிலுள்ள தூசியும் நீர்த்துளியும் ஒளியைச் சிதறடிப்பதால் கீற்று கண்ணுக்குத் தெரிகிறது. மேகம் மறைத்த இடம் நிழல்பட்டை. இது பள்ளிப் பாடம்தான்.

விரிவதில்தான் சுவாரசியம். கீற்றுகளைப் பின்னோக்கி நீட்டிக் கோடு போட்டால், சூரியன் அந்த மேகத்துக்குச் சற்றுப் பின்னால் இருப்பதாக முடியும். பூமி தட்டை என்று வாதிடுபவர்கள் இதையே சான்றாகக் காட்டுவதுண்டு. உண்மையில் சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கதிர்களும் கிட்டத்தட்ட இணையாகவே வருகின்றன. மாட்டுங்கா ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று பாருங்கள். தண்டவாளங்கள் காலடியில் அகன்றும், தாதர் பக்கம் போகப்போக நெருங்கியும் தெரியும். மேகத்தருகே கீற்றுகள் குவிவதும் இதே தொலைவு மயக்கம். நம்மை நோக்கி வரவர அவற்றின் இடைவெளி கூடுவதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம், அதே பாலத்தில் திரும்பி சயான் பக்கம் பாருங்கள். அங்கேயும் தண்டவாளங்கள் நெருங்குகின்றன அல்லவா? அப்படியானால் நம் தலைக்கு மேலே கடந்துபோன கதிர்களும் கிழக்கே மறுபடி குவிந்தாக வேண்டும். குவியவும் செய்கின்றன! சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியில், மங்கலாக. பெயர் எதிர்-கிரெபஸ்குலர் கதிர்கள். மெரின் டிரைவில் முதுகுப் பக்கம் கட்டடங்கள் மறைக்கும். இரு பக்கமும் வானம் தெரியும் மொட்டை மாடி வேண்டும். எல்லோரும் மேற்கே செல்ஃபோனை நீட்டிக்கொண்டிருக்கும்போது கிழக்கே நடக்கும் இந்தக் காட்சியை ஒருவரும் கவனிப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

2011 அக்டோபரில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து ஒரு படம் எடுத்தார்கள். இந்தியாவுக்கு மேற்கே சூரியன் இறங்குகிறது, உயர்ந்த இடிமேகங்களின் நிழல்கள் கீழே புகைமூட்டத்தின்மேல் விழுகின்றன, எல்லாம் இணை இணையாக. "தெய்வ ஒளி, பத்துப் பேருக்கு அனுப்பு" என்று வாட்ஸ்அப்பில் மேகப் படம் வந்தால், நான் பதிலுக்கு இந்தப் படத்தைத்தான் அனுப்புகிறேன்.