ஷெல்டிக்கு மொட்டை அடிக்காதீர்கள்

இந்தக் கோடையில் என் மேஜைக்கு வந்த மூன்றாவது மொட்டை இது. தலையிலும் வால் நுனியிலும் மட்டும் முடி. நடுவில் உரித்த கோழி மாதிரி ஒரு ஷெட்லாந்து ஷீப்டாக் நாய், சுருக்கமாக ஷெல்டி. தோள்பட்டைக்கு மேலே தோல் சிவந்து செதில் செதிலாக உரிந்திருந்தது. "வெயில் தாங்காதேன்னுதான் டாக்டர்..." என்று இழுத்தார் கூட்டி வந்தவர். பாசத்தில் செய்த காரியம், முகத்துக்கு நேரே திட்ட முடியவில்லை. அதனால் இங்கே திட்டிக்கொள்கிறேன்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். சட்டையைக் கழற்றினால் வியர்வை காய்ந்து குளிர்கிறது. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. பிறகு முதுகு முடியை மழித்து என்ன ஆகப்போகிறது? ஷெல்டிக்கு இருப்பது இரண்டு அடுக்கு. உள்ளே பஞ்சு போல ஒன்று, மேலே நீளமாக, சற்றே முரட்டு முடி. வெயிலையும் மழையையும் தடுப்பது அந்த மேல்முடி. நீங்கள் கழற்றியது கம்பளியை அல்ல, குடையை.

"முடிதானே, வளர்ந்துடும்" என்பார்கள். வளரும். உள்முடி முந்திக்கொண்டு வரும். மேல்முடி ஆற அமர, திட்டுத் திட்டாக வரும். சில நாய்களுக்குப் பழைய மாதிரி வருவதே இல்லை. ஸ்கேன் எடுக்க வயிற்றில் ஒரு சதுரம் மழிப்பதற்கே நான் இந்த இனத்தில் யோசிப்பேன். அந்தச் சதுரம் மூட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

வெயிலுக்கு வேண்டியது நிழல், தண்ணீர், அதிகாலை நடை. அப்புறம் சீப்பு. மேலாகச் சீவிப் பளபளவென்று கொண்டுவருவார்கள். காதுக்குப் பின்னால் விரலை விட்டால் கெட்டியாக ஒரு சிக்கு உட்கார்ந்திருக்கும். ஒரு கையால் முடியை வகிடு எடுத்துப் பிடித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, தோலிலிருந்து வெளியே நோக்கி வரிசை வரிசையாகச் சீவுங்கள். முன்னங்கால் அக்குளையும் பின்தொடையையும் மறக்காதீர்கள். வாரம் இரண்டு முறை போதும், முடி உதிரும் பருவத்தில் தினமும். சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டவே கூடாது. நனைந்த சிக்கு இன்னும் இறுகும்.

அடுத்த புகார், குரைக்கிறது. குரைக்கத்தானே செய்யும்? ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில், வேலி இல்லாத சிறு நிலங்களில் ஆடு மேயாமல் விரட்டி வந்த நாய் அது. 1909-ல் நாய் இனங்களைப் பதியும் இங்கிலாந்து கென்னல் கிளப் இதை 'ஷெட்லாந்து கோலி' என்று பதிந்தது. கோலி என்ற வேறொரு மேய்ச்சல் நாய் இனத்தை வளர்ப்பவர்கள் முறைத்துக்கொள்ள, 1914-ல் பெயர் ஷெட்லாந்து ஷீப்டாக் என்று மாறியது. குணம் மாறவில்லை. பிள்ளைகள் ஓடினால் சுற்றி வளைக்கும், கணுக்காலைக் கவ்வப் பார்க்கும். வெறி பிடித்துவிட்டதோ என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள், மேய்க்கிறது. அதற்கு வேறு வேலை கொடுங்கள். தீனியை ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள். ஓட்டத்தின் நடுவே கூப்பிட்டால் திரும்பி வரப் பழக்குங்கள், வந்ததும் ஒரு துண்டு கொடுங்கள். கத்தாதீர்கள். மற்ற நாய் காதில் வாங்காத அதட்டலுக்கே இது கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டு, அன்றைக்குச் சோறும் தொடாது. குரல் நாணை வெட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு: என் கையால் இல்லை.

இனி சொல்வதைக் கெஞ்சலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சொறி, உண்ணி என்று வந்தால் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினைக் கண்ணளவாகக் கொடுக்காதீர்கள். 'வெள்ளைக் கால் கண்டால் மருந்தைக் கீழே வை' என்று எங்கள் தொழிலில் ஒரு பழமொழியே உண்டு. வெள்ளைக் கால் என்றது மேய்ச்சல் நாய்களை. அவற்றில் பலவற்றுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் கோளாறு இருக்கும். மருந்து மூளைக்குள் போய்த் தங்கிவிடும். மாதாமாதம் தரும் இதயப்புழு மாத்திரையில் ஐவர்மெக்டின் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் அளவுதான், அது பயமில்லை. மாட்டு ஊசிமருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு மில்லி போட்டால் கிலோவுக்கு 1,000 மைக்ரோகிராம். கணக்கு புரிகிறதா? வயிற்றுப்போக்குக்கு நாம் போடும் லோபரமைடும் இதே ரகம். இந்த மரபணுக் கோளாறைக் கண்டுபிடிக்கக் கன்னத்தின் உட்பக்கம் துடைத்தெடுத்துச் செய்யும் பரிசோதனை ஒன்று இருக்கிறது, ஆயுளுக்கு ஒரு முறை செய்தால் போதும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? கண்மணி விரிந்து, எச்சில் ஒழுகி, பின்னங்கால் தள்ளாடினால் காலை வரை பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். பாட்டிலையும் கையோடு எடுத்து வாருங்கள். எத்தனை மில்லி போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அப்போது திட்ட எனக்கு நேரம் இருக்காது.