விண்டர்வல்: சொல் வந்த வழியும் தமிழில் அதற்கான சொல்லும்

டிசம்பர் பிறந்தால் பிரிட்டனில் ஒரு சண்டையும் கூடவே பிறக்கும். ஊர்ச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸை கிறிஸ்துமஸாகவே கொண்டாடுவதா, எல்லா மதத்தாருக்கும் பொதுவான ஒன்றாக ஆக்கிக்கொள்வதா என்று. அந்தச் சண்டையில் இருபது வருடத்துக்கும் மேலாக வசைச்சொல்லாக வீசப்படுவது ‘விண்டர்வல்’.

சொல்லின் கட்டு எளிது. குளிர்காலத்தைக் குறிக்கும் ‘விண்டர்’, அதன் பின்னால் ‘ஃபெஸ்டிவல்’ என்பதன் வால். இல்லை, அது ‘கார்னிவல்’ வால் என்பவர்களும் உண்டு. எந்த வாலை ஒட்டினாலும் மதம் விடவில்லை என்பதுதான் வேடிக்கை. ஃபெஸ்டிவலுக்கு மூலமான லத்தீன் சொல் சமய விழா நாளைக் குறித்தது. கார்னிவலோ, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்துக்கு முன் இறைச்சியை விலக்கிவைக்கும் நாளில் பிறந்த சொல். நம் காதுக்கு வேறு மாதிரி கேட்கும்: இன்டர்வலுக்கு முன்னால் ஒரு ‘வ’. முறுக்கும் காபியும் ஞாபகம் வந்தால் அது சொல்லின் குற்றம்.

இந்தப் பெயரை வைத்தது பர்மிங்காம் நகர சபை. 1997 நவம்பர் 20 முதல் டிசம்பர் 31 வரை நடந்த நிகழ்ச்சிகளுக்கு முதலில் வைத்தார்கள்; 1998இல் அக்டோபர் நடுவிலிருந்து அடுத்த ஜனவரி வரை நீட்டினார்கள். புதுப்பித்த நகர மையத்துக்கு ஆட்களை வரவழைக்க வேண்டும். தீபாவளி, கிறிஸ்துமஸ் விளக்கேற்றம், ஜெர்மன் பாணிச் சந்தை, பனிச்சறுக்கு மைதானம், புத்தாண்டு என்று வரிசையாக நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விளம்பரம் செய்யாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர். அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் ஊருக்குக் கேட்டது வேறு. ‘பிற மதத்தார் மனம் நோகக் கூடாதென்று கிறிஸ்துமஸ் பெயரையே எடுத்துவிட்டார்கள்’ என்று பத்திரிகைகள் எழுதின. பர்மிங்காம் ஆயர் மார்க் சான்டர், கிறிஸ்துமஸைப் பற்றிப் பேசாமலிருக்க இப்படி ஒரு வழியா என்று கேலி செய்தார். அப்போது நகர சபைக் கட்டடத்தின் முகப்பில் தொங்கிய பேனரில் என்ன இருந்தது தெரியுமா? ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’. சதுக்கங்களில் கிறிஸ்துமஸ் மரம், பள்ளிப் பிள்ளைகளின் கேரல் பாட்டு, மேயர் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை, எல்லாம் இருந்தன. ஆனாலும் கதை ஓயவில்லை. 2011இல் டெய்லி மெயில் பத்திரிகை, விண்டர்வல் கிறிஸ்துமஸின் பெயரை மாற்றவும் இல்லை, அதன் இடத்தைப் பிடிக்கவும் இல்லை என்று திருத்தம் வெளியிட்டது. பதின்மூன்று வருடம் கழித்து வரும் திருத்தத்தை யார் படிக்கப் போகிறார்கள், சொல்லுங்கள்.

மாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட பெயரையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். கிறிஸ்துமஸ் என்பது பழைய ஆங்கிலத்தில் ‘கிறிஸ்துவின் பூசை’. அந்த ‘மஸ்’தான் இங்கே கத்தோலிக்கர் முன்பு பூசை என்றும் இப்போது திருப்பலி என்றும் சொல்வது. இலங்கைத் தமிழில் இதற்கு ‘நத்தார்’ என்று பெயர். பிறப்பு என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல் ‘நட்டால்’ கடல் கடந்து வந்து இப்படித் தமிழாகிவிட்டது. (1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் வாஸ்கோ ட காமா கண்ட தென்னாப்பிரிக்கக் கரைக்கும் இதே பெயர்தான். 1860இலிருந்து நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போய் இறங்கிய நேட்டால் அதுதான்.) தமிழ்நாட்டுத் தேவாலய அழைப்பிதழ்களில் ‘கிறிஸ்து பிறப்புப் பெருவிழா’. ஆக, ஆங்கிலப் பெயரில் பூசை முன்னால் நிற்கிறது, தமிழ்ப் பெயர்களில் பிறப்பு.

சரி, விண்டர்வலுக்குத் தமிழ் என்ன? ‘பனிவிழா’ என்று சட்டென்று தோன்றும். முன்பனி, பின்பனி என்று நாம் சொல்வது பெரும்பாலும் விடிகாலையில் புல்லில் நிற்கும் பனியை. பர்மிங்காம் குளிர் அந்த ரகம் இல்லை. ‘குளிர்கால விழா’ பரவாயில்லை, ஆனால் ஊட்டி கோடை விழா மாதிரி ஒற்றை நிகழ்ச்சியாக ஒலிக்கிறது. பருவத்தின் பெயரில் அரசே நடத்தும் அந்த விழாவை யாரும் குறை சொல்வதில்லை. மலர்க் கண்காட்சியால் எந்தச் சாமியின் பெயரும் மறைந்துபோவதில்லையே. டிசம்பர் அப்படி இல்லை, அங்கே ஏற்கெனவே ஒருவர் வீடு கட்டிக் குடியிருக்கிறார்.

எங்கள் தெரு ஜவுளிக்கடையில் தீபாவளிக்குக் கட்டும் ஃபிளெக்ஸ் பொங்கல் வரை இறங்காது. மேலே ‘பண்டிகைக் காலத் தள்ளுபடி’ என்ற வரி அப்படியே இருக்கும். மூலையில் ஒட்டும் படம் மட்டும் மாறும்: முதலில் அகல் விளக்கு, டிசம்பரில் நட்சத்திரம், அப்புறம் பானை. தீபாவளியின் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று இதுவரை யாரும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனதில்லை. ‘காலம்’ என்ற சொல் செய்யும் வேலை இது. அது இடத்தைத்தான் காட்டுகிறது, உள்ளே இருப்பவரின் பெயரைத் தொடுவதில்லை. பர்மிங்காம்காரர்கள் இரண்டு சொல்லை நறுக்கி ஒட்டியபோது காலமும் போயிற்று, பன்மையும் போயிற்று. பட்டியலின் தலைப்பு ஒரு புதிய பண்டிகையின் பெயர் போல ஆகிவிட்டது.

அதனால் செய்தியிலோ கட்டுரையிலோ பொருளைச் சொல்லும்போது ‘குளிர்கால விழாக்கள்’ என்று ‘கள்’ சேர்த்து எழுதலாம். ‘குளிர்காலப் பண்டிகைக் காலம்’ என்றால் காலம் இரண்டு முறை வந்து இடிக்கும். பர்மிங்காம் சர்ச்சையைப் பற்றி எழுதினால் ‘விண்டர்வல்’ என்றே போட்டு, ‘குளிர்கால விழாக்களுக்கான கூட்டுப்பெயர்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு நகரைப் பற்றி என்றால் அந்த விளக்கம் பொருந்தாது. அங்கே 2012 முதல் ‘விண்டர்வல்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் நடப்பது கிறிஸ்துமஸ் விழாவேதான்.