ஷட்டரை இரண்டு விரல் தூக்கினால் சிக்னல் வருவது ஏன்?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "எங்கள் பட்டறை முழுக்கத் தகரம், சுவரும் அதுதான், கூரையும் அதுதான். ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டால் போன் பேச்சு அறுந்துபோகிறது. இரண்டு விரல் அளவு தூக்கினால் போதும், திரும்ப வந்துவிடுகிறது. அந்தச் சின்ன இடுக்கில் அலை எப்படி நுழைகிறது? வெளியே துருத்திக்கொண்டு தெரியாத மாதிரி ஓர் ஆன்டெனா வைத்து இதைச் சரிசெய்ய முடியுமா?"

முதல் கேள்விக்குள்ளேயே இரண்டாவதன் பதிலும் ஒளிந்திருக்கிறது. அதனால் ஷட்டரிலிருந்தே தொடங்குகிறேன்.

உலோகம் அலையைத் தடுக்கும் என்பது பள்ளிப் பாடம். ரேடியோ அலையின் மின்புலம் தகரத்தில் பட்டதும், அங்கே கட்டில்லாமல் திரியும் எலக்ட்ரான்கள் அதன் தாளத்துக்கு முன்னும் பின்னும் ஓடுகின்றன. ஓடும் எலக்ட்ரான்கள் தாங்களும் ஓர் அலையை எழுப்புகின்றன. தகரத்துக்கு அந்தப்புறம் அது வந்த அலையை அழிக்கிறது; இந்தப்புறம் எதிரொளிப்பாகத் திரும்பிப்போகிறது. எல்லாம் நடப்பது தகரத்தின் மேல்தோலில்தான். செல்போன் அலைவரிசைகளில் ஒன்றான 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் வலிமை, துத்தநாகத்துக்குள் 4 மைக்ரான் போவதற்குள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்துவிடும். தகரத்தின் துத்தநாகப் பூச்சே அதைப்போலச் சில மடங்கு தடிமன். அடியில் இருக்கும் இரும்புவரை அலை போய்ச் சேர்வது அரிது. ஆகவே மெல்லிய தகரமா, தடித்த தகரமா என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. வெப்பம் இறங்காமலிருக்கக் கூரைக்கடியில் விரிக்கும் அலுமினியத் தாளும் இதையேதான் செய்கிறது. வெப்பம் தடுக்கும் கண்ணாடிகளில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் பூச்சு இருக்கும். பெரிய ஜன்னல் இருந்தும் சிக்னல் வராத அறைகளில் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மைக்கேல் ஃபாரடே 1836-இல் 12 அடி உயரத்தில் ஒரு கனசதுர அறை கட்டி, அதை உலோகத்தால் போர்த்தி, கருவிகளோடு உள்ளே போய் நின்றார். வெளிப்புறத்தில் மின்பொறி பறக்க, உள்ளே மின்னூட்டத்தின் சுவடே இல்லை. ஆனால் அது நிலைமின்னியல். ரேடியோ அலையிடம் வரும்போது இன்னொரு கேள்வி சேர்ந்துகொள்கிறது: சுவரில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்?

வட்டமான சின்ன ஓட்டை என்றால் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. 1944-இல் ஹான்ஸ் பெத்தே என்ற இயற்பியலாளர் இதற்குக் கணக்கு போட்டுக் காட்டினார். அலைநீளத்தைவிட மிகச் சிறிய ஓட்டையின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதன் வழியே போகும் ஆற்றல் 64-இல் ஒரு பங்காகிவிடும். மைக்ரோவேவ் அடுப்பின் கதவு இதை நம்பித்தான் இருக்கிறது. கதவிலுள்ள வலையின் துளை ஓரிரு மில்லிமீட்டர்; உள்ளே சுழலும் அலையின் நீளம் 12 சென்டிமீட்டர். ஒளியின் அலைநீளம் மைக்ரானுக்கும் கீழே என்பதால் உள்ளே வேகும் பண்டம் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் ஷட்டருக்கு அடியில் இருப்பது வட்டத் துளை இல்லையே. நீளமான பிளவு. இங்கேதான் இயற்பியல் அழகாகிறது.

தகரத்தின் மேல் எலக்ட்ரான்கள் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதைக்குக் குறுக்கே, படுக்கைவாட்டில், கத்தியால் கீறியதுபோல் ஒரு பிளவு. கீழிருந்து ஓடிவரும் எலக்ட்ரான்கள் பிளவின் கீழ் உதட்டில் முட்டிக் குவிகின்றன. மேல் உதட்டில் பற்றாக்குறை. மறுகணம் ஓட்டம் திசை மாறுகிறது. குவிந்த இடம் வெறுமையாகிறது, வெறுமையான இடம் நிரம்புகிறது. நொடிக்கு 90 கோடி முறை இரு உதடுகளுக்கும் இடையே மின்னழுத்தம் இப்படிப் புரள்கிறது. மின்னழுத்தம் ஊசலாடும் இடம் அலை பிறக்கும் இடம். பட்டறைக்குள் வந்து சேர்வது அந்தப் பிளவின் உதடுகள் உட்பக்கமாகத் திரும்ப உச்சரிக்கும் அலை.

முட்டி நிற்கும் மின்னோட்டத்துக்கு ஒரு மாற்றுவழி உண்டு: பிளவின் முனையைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். பிளவு குட்டையாக இருந்தால் சுற்றுவழி சுலபம். உதடுகளில் எதுவும் பெரிதாகக் குவியாது, அலை வெளியிலேயே நின்றுவிடும். நீளம் கூடக் கூடச் சுற்றுவழி கடினமாகிறது. நீளம் அலைநீளத்தில் பாதியைத் தொடும்போது, இருமுனையும் இழுத்துக் கட்டிய தந்தியை மீட்டியதுபோல் பிளவு முழுவதும் ஒத்ததிர்கிறது. நடுவில் மின்னழுத்தம் உச்சம். முனைகளில் உலோகமே இரு உதடுகளையும் சேர்த்துவிடுவதால் பூஜ்யம். 900 மெகாஹெர்ட்ஸுக்கு இந்த நீளம் 17 சென்டிமீட்டர், 1800-க்கு 8 சென்டிமீட்டர்.

இதில் அகலத்துக்கு அநேகமாக வேலையே இல்லை. இரண்டு மில்லிமீட்டர் அகலமே உள்ள கீறல், நீளம் சரியாக இருந்தால், தன் பரப்பைவிடப் பல மடங்கு பெரிய பரப்பில் விழும் ஆற்றலைச் சுற்றிலுமிருந்து அள்ளி உள்ளே தருகிறது. அதே பரப்பில் நூறு ஊசித்துளை போட்டால் ஒன்றும் வராது. அதே கீறலை மின்னோட்டம் ஓடும் திசையிலேயே போட்டாலும் எலக்ட்ரான்கள் அதைப் பொருட்படுத்தாமல் இருபுறமும் ஓடிக்கொண்டிருக்கும். நல்லவேளையாக, செல்போன் டவர்களின் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் 45 பாகை சாய்வில் அலையை அனுப்புகின்றன. அதனால் நின்ற பிளவுக்கும் படுத்த பிளவுக்கும் ஏதாவது ஒரு பங்கு கிடைத்துவிடும். வாசகரின் ஷட்டர் சில மீட்டர் அகலம் இருக்கும். அதன் அடியில் விரல் நுழையும் இடுக்கு என்றால் அலைக்கு அது அகலத் திறந்த வாசல்.

வீட்டிலேயே பார்க்கலாம். சமையலறை அலுமினியத் தாளில் போனைச் சுற்றிவிட்டு இன்னொரு போனிலிருந்து அழையுங்கள். டவர் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் மணி அடிக்கும். ஃபாரடே தோற்றுவிட்டார் என்று தோன்றும். தாள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அந்த நீண்ட ஓரத்தைப் பாருங்கள். இரண்டு தாளும் அங்கங்கேதான் தொடுகின்றன. தொடாத இடமெல்லாம் பிளவு. அந்த ஓரத்தை இரண்டு மூன்று முறை மடித்து, நகத்தால் அழுத்தி நீவிவிட்டு மறுபடி அழையுங்கள்.

பிளவை ஆன்டெனாவாகவே பயன்படுத்தலாம் என்று 1938-இல் கண்டவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளம்லைன். 1946-இல் இயற்பியலாளர் ஹென்றி புக்கர் அதன் கணிதத்தை எழுதினார். தகரத்திலிருந்து ஒரு பட்டையை வெட்டியெடுத்தால், வெட்டிய பட்டையும் வெட்டுப்பட்ட இடமும் இரட்டைப் பிறவிகள். பட்டை ஓர் ஆன்டெனா. அது இருந்த வெற்றிடமும் ஓர் ஆன்டெனா. ஒன்றின் மின்புலம் இருக்குமிடத்தில் மற்றதற்குக் காந்தப்புலம். பட்டையின் மின்மறுப்பு, அதாவது ஊசலாடும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 73 ஓம் என்றால் வெற்றிடத்தின் மின்மறுப்பு சுமார் 485 ஓம். இரண்டையும் பெருக்கினால், வெறும் வெளியின் மின்மறுப்பான 377 ஓமின் வர்க்கத்தில் சரியாகக் கால் பங்கு. இல்லாத உலோகம் இருக்கும் உலோகத்தின் வேலையைச் செய்கிறது என்பதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ப்ளம்லைன் 1942-இல், ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 38. பெத்தேயின் துளைக் கணக்கும் போர்க்கால ரேடார் ஆராய்ச்சியில் பிறந்ததே. ஓட்டையையும் பிளவையும் முழுமூச்சாக ஆராய்வதற்குப் பணம் வர ஒரு உலகப் போர் தேவைப்பட்டது என்பது என்னை உறுத்துகிறது. ஓர் அரசு இத்தகைய அடிப்படைக் கேள்விகளுக்கு அமைதிக் காலத்திலேயே, உடனடிப் பயன் கேட்காமல் பணம் தர வேண்டும். அந்தப் பணம் இல்லாத இடத்தை என்ன நிரப்புகிறது என்று பாருங்கள்: போனின் முதுகில் ஒட்டினால் சிக்னல் ஏறும் என்றும், கதிர்வீச்சு குறையும் என்றும் சொல்லி விற்கும் ஸ்டிக்கர்கள். அது உண்மையிலேயே அலையைத் தடுத்தால், டவரை எட்ட முடியாத போன் தன் ஆற்றலைக் கூட்டிக் கத்தும். தகரக் கட்டடத்துக்குள் பேட்டரி சீக்கிரம் தீர்வதும் இதனால்தான். தயவுசெய்து வாங்காதீர்கள்.

இனி மறைவான ஆன்டெனாவுக்கு வருவோம். சுவரில் பிளவு வெட்டும் முன், கூரையில் ஒரே ஒரு தகரத்தை எடுத்துவிட்டு, வெளிச்சம் விடும் பாலிகார்பனேட் தகடு போடுவதை யோசியுங்கள். பிளாஸ்டிக்கும் ஃபைபரும் அலையைத் தடுப்பதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெளிச்சத்துக்கான தகடு. ரேடியோ அலைக்கு அது பல மீட்டர் நீளப் பிளவு. மழை ஒழுகாது, மின்சாரம் வேண்டாம், எல்லா நிறுவனங்களின் சிக்னலுக்கும் பொது. போனிலிருந்து டவருக்குப் போகும் அலையும் அதே வழியில் போய்விடும்.

அது போதாதென்றால் வெளியே ஓர் ஆன்டெனா, உள்ளே ஓர் ஆன்டெனா, நடுவில் கேபிள். வெளியில் இருப்பதைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒளித்துவைக்கலாம். உலோகப் பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். தகரத்தோடு ஒட்டிப் படுக்கவும் வைக்காதீர்கள்; தகரம் காட்டும் எதிர்ப்பிம்பம் அதை அழித்துவிடும். கூரைமேல் நிமிர்த்தி வைத்தால் அதே பிம்பம் உதவிக்கு வருகிறது: 900 மெகாஹெர்ட்ஸுக்கு 8 சென்டிமீட்டர்க் குச்சி போதும், அடுத்த பாதியைக் கூரையே தந்துவிடும்.

கணக்கு மட்டும் சற்றுக் கறாரானது. டெசிபெல்லில் போடுவோம்: 10 டெசிபெல் என்றால் ஆற்றலில் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு. 900 மெகாஹெர்ட்ஸில், வெளியே டவரைக் குறிபார்க்கும் ஆன்டெனா 10 டெசிபெல் கூட்டுகிறது, கேபிள் 2 தின்கிறது, உள் ஆன்டெனா 2 கூட்டுகிறது என்போம். உள் ஆன்டெனாவிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பரவலில் மட்டும் 45 டெசிபெல் போய்விடும். மிச்சம், வெளிச் சிக்னலில் சுமார் 3000-இல் ஒரு பங்கு. வெளியே சிக்னல் கொழித்தால் இதுவே போதும். இல்லையென்றால் உள் ஆன்டெனாவுக்கு அரை மீட்டருக்குள் போனை வைத்துக்கொண்டால்தான் பேச முடியும்.

நடுவில் சிக்னலைக் கூட்டும் ஒரு பெருக்கியை வைக்கலாம். ஒலிபெருக்கிக்கு எதிரில் மைக்கைப் பிடித்தால் ஊளையிடுவதுபோல், உள் ஆன்டெனாவின் அலை வெளி ஆன்டெனாவுக்கே திரும்பினால் பெருக்கியும் ஊளையிடும். அந்த ஊளை டவரைச் சுற்றியுள்ள எல்லோரின் பேச்சையும் கெடுக்கும். அதனால்தான் பல நாடுகளில் அனுமதியில்லாமல் இதை வைப்பது குற்றம். அனுமதியோடு வைப்பவர்களுக்குத் தகரக் கூரை நண்பன்: உள்ளையும் வெளியையும் இதைவிட நன்றாகப் பிரிக்கும் சுவர் கிடைக்காது. கம்பிவழி இணையம் ஏற்கனவே இருக்கிறதென்றால் உள்ளே ஒரு வைஃபை கருவி வைத்து, போனில் வைஃபை அழைப்பை இயக்கிவிடுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு அதுவே தீர்வு.

எதையும் வெட்டும் முன் ஒரு சோதனை. ஷட்டரை இரண்டு விரல் தூக்கிவைத்துவிட்டு, போனை இடுக்கின் அருகிலிருந்து மெல்ல உள்ளே கொண்டுபோங்கள். சிக்னல் சீராகக் குறையாது. தகரச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதி, சில சென்டிமீட்டருக்கு ஒரு மேடும் பள்ளமுமாக நிற்கும். எந்த இடம்வரை பேச்சு அறாமல் வருகிறதோ அங்கே சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். பாலிகார்பனேட் தகடு அந்தக் கோட்டுக்கு அப்பால், இருட்டான பகுதிக்கு நேர்மேலே வர வேண்டும்.