பேண்ட்வித்: பட்டையகலமா, அலைக்கற்றையா?

இணைய இணைப்பைப் பற்றிப் பேசுபவர்கள் 'பேண்ட்வித் போதவில்லை' என்று ஒருமுறையேனும் சொல்லியிருப்பார்கள். அதையே தமிழில் எழுத முற்படுபவர் அலைக்கற்றை, அலைவரிசை, கற்றையகலம், பட்டையகலம் என்னும் நான்கு சொற்களுக்கு நடுவே நின்று, பெரும்பாலும் முதலில் கைக்கு அகப்படுவதை எடுத்துக்கொள்கிறார். இந்த நான்கும் ஒரே பொருளைக் குறிப்பன அல்ல. போதாக்குறைக்கு, ஆங்கிலச் சொல்லே இன்று ஒரு பொருளில் நிற்பதில்லை.

பேண்ட் என்பது இங்கே நாடா போன்ற பட்டையைக் குறிக்கிறது. வித் என்பது அகலம். வானொலி அலைகளை அவற்றின் அதிர்வெண்படி ஒரு நீண்ட கோட்டில் வரிசையாகக் குறித்து, ஏதேனும் இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு வண்ணம் தீட்டினால் அது ஒரு பட்டையாகத் தெரியும். அப்பட்டையின் மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்தால் கிடைப்பதே அதன் அகலம். அதிர்வெண்ணிலிருந்து அதிர்வெண்ணைக் கழிப்பதால் விடையும் ஹெர்ட்ஸ் என்னும் அலகிலேயே வரும். பட்டையகலம் என்ற தமிழ்ச்சொல் இந்தப் படத்தை அப்படியே கண்முன் நிறுத்துகிறது. மூலச்சொல்லை அறியாதவருக்கும் அது விளங்கும்.

பழைய தொலைபேசித் தடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்க வல்லது. ஆனால் தொலைபேசியில் பேச்சுக்கென ஒதுக்கப்பட்டது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். பட்டையகலம் 3,100 ஹெர்ட்ஸ். மின்னஞ்சல் முகவரியை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது 'எஸ்' என்றால் மறுமுனையில் இருப்பவர் 'எஃப்' என்று எழுதிக்கொள்வதற்குக் காரணம் இதுவே. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் சீறலொலியின் பெரும்பகுதி 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால், தடம் அதை வெட்டிவிடுகிறது.

இந்த அகலத்துக்கும் தரவின் வேகத்துக்கும் உள்ள உறவு பின்னர்தான் வரையறுக்கப்பட்டது. அனுப்பக்கூடிய தகவலின் அளவு பட்டையகலத்தைப் பொறுத்து வளர்கிறது என்று அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் ஹார்ட்லி 1928-இல் காட்டினார். இரைச்சலையும் கணக்கில் சேர்த்து, ஒரு தடத்தில் பிழையின்றி அனுப்பக்கூடிய உச்ச வேகம் எவ்வளவு என்பதை அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-இல் ஒரு வாய்பாடாக எழுதினார். மேற்சொன்ன 3,100 ஹெர்ட்ஸ் தடத்தில் சைகை, இரைச்சலைவிட 1,000 மடங்கு வலிமையுடன் இருப்பதாகக் கொண்டு அவ்வாய்பாட்டில் இட்டால் நொடிக்கு ஏறத்தாழ 30,900 பிட் என்று விடை வரும். கணினித் தரவைத் தொலைபேசித் தடம் வழியே அனுப்பிய மோடங்கள் 28.8 கிலோபிட்டைத் தொட்டு, இரைச்சல் குறைந்த தடங்களில் 33.6 கிலோபிட்டை எட்டி, அந்த அளவில் திணறி நின்றதன் காரணம் இப்போது விளங்கும். பின்னர் வந்த 56 கிலோபிட் மோடம்கூட, சேவை வழங்குபவரின் முனை நேரடியாக டிஜிட்டல் இணைப்பில் இருந்ததால்தான் அந்த எல்லையைத் தாண்டியது.

அகலம் கூடினால் வேகமும் கூடும் என்னும் இந்த உறவே குழப்பத்துக்கு வித்திட்டது. நாளடைவில் கணினி வலையமைப்பில் இருப்பவர்கள் வேகத்தையே பேண்ட்வித் என்று அழைக்கத் தொடங்கினர். அலகு ஹெர்ட்ஸிலிருந்து நொடிக்கு இத்தனை பிட் என்று மாறியது, பெயர் மட்டும் மாறவில்லை. வீட்டிலுள்ள வைஃபை ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் 'சேனல் பேண்ட்வித்' என்ற இடத்தில் 20 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். அதே வீட்டின் இணையத் திட்டத்தில் பேண்ட்வித் 100 மெகாபிட் என்று இருக்கும். முன்னது உண்மையான அகலம், பின்னது வேகம். இரண்டும் ஒன்றல்ல என்பதை வைஃபையே மெய்ப்பிக்கிறது. அதே 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பழைய வைஃபை தரமான 802.11ஜி நொடிக்கு 54 மெகாபிட் வரையும், வைஃபை 6 ஒற்றைத் தரவோடையில் ஏறத்தாழ 143 மெகாபிட் வரையும் அனுப்புகின்றன. இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடுபவர்களோ, மாதத்தில் இத்தனை கிகாபைட் தரவு போய்வரலாம் என்பதையும் பேண்ட்வித் என்றே எழுதுகிறார்கள். இது மூன்றாவது பொருள். இதில் அகலமும் இல்லை, வேகமும் இல்லை, வெறும் கொள்ளளவுக் கணக்கு மட்டுமே உண்டு.

ஆங்கிலம் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதைத் தமிழும் குழப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹெர்ட்ஸில் அளப்பதைப் பட்டையகலம் என்றும், பிட்டில் அளப்பதைத் தரவு வேகம் என்றும், மாதக் கணக்கைத் தரவுப் பரிமாற்ற அளவு என்றும் எழுதினால் வாசிப்பவர் எந்த இடத்திலும் தடுமாற மாட்டார். அலகைப் பார்த்துச் சொல்லைத் தேர்வது என் வழக்கம். இதுவரை அது என்னைக் கைவிட்டதில்லை.

அலைக்கற்றைக்கு இங்கே வேலை இல்லை. கற்றை என்பது ஒன்றுசேர்ந்த கட்டு: கூந்தற்கற்றை, ஒளிக்கற்றை. ஏலம் விடப்படும் ஸ்பெக்ட்ரத்துக்கு ஈடாக நாளிதழ்கள் அச்சொல்லை நிலைநிறுத்திவிட்டன. நியூட்டன் பட்டகத்தில் பிரித்துக் காட்டிய நிறங்களின் தொகுதியைக் குறிக்கும் அதே ஸ்பெக்ட்ரத்தை நிறமாலை என்று அழகாகச் சொன்ன தமிழ், இங்கும் அலைமாலை என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்குவது வீண்வேலை. அலைக்கற்றை ஸ்பெக்ட்ரத்துக்கே இருக்கட்டும். அலைவரிசையோ வானொலி நிலையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் பழகிய சொல். 'இருவரும் ஒரே அலைவரிசையில் இருக்கிறார்கள்' என்று மன ஒற்றுமைக்குக்கூட அதைச் சொல்கிறோம். எனவே பிராட்பேண்டை அகன்ற அலைவரிசை என்பதைவிட அகலப்பட்டை என்பதே பொருந்தும். அதே செம்புக் கம்பியில் பேச்சுக்குரிய பட்டையை விட்டுவிட்டு, அதற்கு மேலே 1,104 கிலோஹெர்ட்ஸ் வரை விரிந்து தரவை அனுப்பிய ஏடிஎஸ்எல் முறை அப்பெயருக்கு முழுத் தகுதி உடையது.

எல்லாத் தொல்லையையும் பேண்ட்வித்தின் தலையில் கட்டுவதும் சரியன்று. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோள் வழியே பேசும்போது, ஒரு சொல் மேலே ஏறி இறங்கவே கால் நொடி ஆகிறது; மறுமொழி வந்து சேர இன்னொரு கால் நொடி. பட்டையை எவ்வளவு அகலமாக்கினாலும் இந்த அரை நொடி குறையாது. இதற்கான ஆங்கிலச் சொல்லான லேட்டன்சியைச் சிலர் அகராதியைப் பார்த்து 'மறைநிலை' என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே மறைந்திருப்பது எதுவும் இல்லை. சொன்னது போய்ச் சேர நேரமாகிறது, அவ்வளவுதான். அதற்குச் சுணக்கம் என்ற சொல் தமிழில் முன்பே இருக்கிறது.