ஆசியப் பதக்கமும் பத்தாம் வகுப்பும்

ஜூன் முதல் வாரத்தில் எங்கள் நீச்சல் குளத்தில் ஒரு லேன், அதாவது நீந்தும் தடம், காலியாகிவிடும். பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் லேன் அது. "ஒரு வருஷம்தான் சார், பப்ளிக் முடிஞ்சதும் நானே கொண்டுவந்து விடுறேன்" என்று அப்பாக்கள் சொல்வார்கள். மனதாரத்தான் சொல்வார்கள். இருபது ஆண்டுகளாக நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன். அப்படி நின்றுபோய்ப் பிறகு பழைய வேகத்தைத் தொட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்திய நீச்சலின் பதக்கக் கணக்கை எடுத்து வைத்தால், அதே காலி லேன் அங்கேயும் தெரிகிறது.

முதல் போட்டி 1951இல் டெல்லியில் நடந்தது. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சச்சின் நாக் 1 நிமிடம் 4.7 வினாடியில் நீந்தித் தங்கம் வாங்கினார். ஆசியப் போட்டிகளில் இந்தியாவின் முதல் தங்கமே அதுதான். தடகளமோ ஹாக்கியோ அல்ல, நீச்சல்! 1947இல் காலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, அடுத்த ஆண்டே லண்டன் ஒலிம்பிக்கில் நீந்தியவர் அவர். 1987இல் காலமானார். வாழ்நாள் சாதனைக்கான தியான் சந்த் விருது 2020இல்தான் வந்தது. அந்தத் தாமதம் எனக்கு இன்னும் வலிக்கிறது. அதே 1951இல் டைவிங்கில் கே. பி. தாக்கர் இரண்டு தங்கம் வாங்கினார், தண்ணீரில் ஆடும் பந்தாட்டமான வாட்டர் போலோவில் நம் அணியும் தங்கம் வென்றது. ஜப்பான் நீச்சல் வீரர்கள் அந்த முறை வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் நீண்ட இடைவெளி. வாட்டர் போலோவில் 1970இல் வெள்ளியும் 1982இல் வெண்கலமும் வந்தன. நீச்சலில் அடுத்த பதக்கத்துக்கு 35 ஆண்டுகள் ஆயின. 1986இல் சியோலில் கஜான் சிங் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் வெள்ளி வாங்கினார். அதன்பின் 24 ஆண்டுகள் கழித்து, 2010இல் குவாங்சோவில் வீர்தவல் காடே 50 மீட்டர் பட்டர்ஃப்ளையில் வெண்கலம். 2014இல் இஞ்சியோனில் சந்தீப் செஜ்வால் 50 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் வெண்கலம். 2018 ஜகார்த்தாவிலும், 2023இல் நடந்த ஹாங்சோ போட்டியிலும் நீச்சலில் பதக்கம் இல்லை. பெண்கள் நீச்சலில் இதுவரை ஒன்றுகூட இல்லை.

கடைசி இரண்டு வெண்கலமும் 50 மீட்டரில் வந்தவை. 50 மீட்டரில் ஜெயிப்பது லேசு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 200, 400 மீட்டருக்கு வேண்டிய மூச்சுத்திறன் ஏழெட்டு வருடம் விடாமல் நீந்தினால்தான் உடம்பில் ஏறும். நம் பிள்ளைகள் பலருக்கு அந்த வருடங்கள் நடுவில் அறுந்துவிடுகின்றன.

வேகம் கூடவில்லையா என்றால், கூடியிருக்கிறது. கஜான் சிங்குக்கு வெள்ளி கொடுத்த நேரம் 2 நிமிடம் 2.38 வினாடி. 2018இல் ஜகார்த்தாவில் சஜன் பிரகாஷ் அதே 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 57.75 வினாடியில் நீந்தினார். தேசிய சாதனை. கிடைத்தது ஐந்தாம் இடம். நாம் நான்கரை வினாடி முன்னேறியபோது மற்ற நாடுகள் அதற்கும் மேலே போய்விட்டன.

அந்த ஜகார்த்தாவில் காடேவுக்கு நடந்ததை என் பிள்ளைகளிடம் வருடா வருடம் சொல்வேன். 2008இல் 16 வயதில் ஒலிம்பிக் போனவர். ஆசியப் பதக்கத்துக்குப் பிறகு மகாராஷ்டிர அரசில் தாசில்தார் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகள் குளம் தூரமாகிவிட்டது. திரும்பி வந்து, 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தகுதிச் சுற்றில் 22.43 வினாடி நீந்தித் தன் பழைய தேசிய சாதனையையே முறியடித்தார். இறுதிப் போட்டியில் 22.47. வெண்கலம் போனது 22.46க்கு. நடுவில் போன அந்த ஆண்டுகளை நினைக்காமல் என்னால் அந்த எண்களைப் பார்க்க முடிவதில்லை. வேலைக்குப் போனதைக் குறை சொல்லவில்லை. நீந்திக்கொண்டே குடும்பத்தை நடத்த நாம் அவருக்கு வழி செய்யவில்லை.

நிறுத்தினால் என்ன ஆகிறது? இரண்டு வாரம் தண்ணீரைத் தொடாவிட்டாலே, தண்ணீரைப் பிடித்துத் தள்ளும் உணர்வு கையில் மங்கிவிடும். பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பதின்மூன்றிலிருந்து பதினாறுக்குள் பையன்கள் மளமளவென்று வளர்கிறார்கள். கை நீளம், தோள் அகலம் எல்லாம் மாறுகிறது. அந்தப் புது உடம்புக்கேற்ப ஸ்ட்ரோக்கை, அதாவது நீந்தும் கைவீச்சை, திருத்திக்கொண்டே வர வேண்டிய நேரத்தில்தான் நாம் வெளியே கூட்டிப்போகிறோம். ஒரு வருடம் கழித்து அவன் திரும்பும்போது மூளையில் இருப்பது பழைய கை, தண்ணீரில் இருப்பது புதிய கை. விட்டதைப் பிடிக்கிற அவசரத்தில் தோள்வலி வருகிறது. சரியாகப் பயிற்சியில் ஏறுவதற்குள் பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிடுகிறது.

பெண் பிள்ளைகளை இன்னும் முன்னாலேயே நிறுத்திவிடுகிறோம். பூப்பெய்தியதும் வராமல் போன நல்ல நீச்சல்காரிகள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். பன்னிரண்டு வயதில் பையன்களை முந்திக்கொண்டிருந்த ஒரு சிறுமி, காரணம் சொல்லாமலேயே நின்றுவிட்டாள். அம்மாவிடம் பேசியபோது உடைதான் தயக்கம் என்று தெரிந்தது. முழங்கால் வரை மூடும் உடையைப் போட்டிகளிலேயே அனுமதிக்கிறார்கள். பயிற்சிக்கு முழுக்கை, முழுக்கால் உடையே போடலாம். மாதவிடாய் நாட்களில் வேண்டுமானால் ஓய்வெடுக்கட்டும், முடிகிறவர்கள் நீந்தட்டும். அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. இதை முதலிலேயே உட்காரவைத்துப் பேசாதது என் தவறு. இப்போது சேர்க்கை நாளிலேயே அம்மாக்களிடம் பேசிவிடுகிறேன்.

விடாமல் நீந்தியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சஜன் பிரகாஷ் நெய்வேலியில் வளர்ந்தவர், அங்கேதான் நீச்சல் கற்றார். கழுத்து எலும்பில் டிஸ்க் பிரச்சினை வந்து தண்ணீரை விட்டு விலகியிருந்தார். மீண்டு வந்து, 2021 ஜூனில் ரோமில் 1 நிமிடம் 56.38 வினாடி நீந்தி, ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியரானார். அப்போது வயது 27. நம்மில் பலர் பதினைந்தில் மூட்டை கட்டிவிடுகிற ஆட்டம் இது. 2025இல் அகமதாபாத்தில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஸ்ரீஹரி நடராஜ் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வெள்ளி வாங்கியபோது அவருக்கு 24.

அதனால் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: குறையுங்கள், நிறுத்தாதீர்கள். தேர்வு வருடத்தில் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் போதும். வேகம் ஏறாது, ஆனால் ஸ்ட்ரோக் கையைவிட்டுப் போகாது. காலைத் தூக்கம் கெடுமென்றால் மாலையில் அனுப்புங்கள். அந்த ஒரு வருடம் போட்டியே வேண்டாம். பயிற்சியாளர் சம்மதிக்கவில்லை என்றால் வற்புறுத்திக் கேளுங்கள். "வந்தால் ஆறு நாளும் வா, இல்லாவிட்டால் வராதே" என்று நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். அப்படிச் சொல்லி இழந்த பிள்ளைகளை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த ஜூனிலும் ஒருவர் வந்தார். மகன் 400 மீட்டர் நீந்துகிறவன். வழக்கமான அதே வார்த்தைகள். பேசிப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "திங்கள், புதன், சனி அனுப்புறேன் சார். மார்க் குறைஞ்சா நிறுத்திடுவேன்" என்றார். சரி என்றேன். பையன் வருகிறான். கடைசி லேனில் தனியாக நீந்துகிறான்.