போர்வீல் வண்டியை உயர்த்தும் முன்: ஜேபிஜே விதியும் லிஃப்ட் பாகங்களும்

மழை பிடித்துவிட்டால், செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர்கள் தோட்டத்துச் செம்மண் பாதையில் இரண்டு பக்கமும் ஆழமாகத் தடம் வெட்டிவிடும். நடுவில் நிற்கும் மேட்டில் வண்டியின் வயிறு உட்கார்ந்தால், எத்தனை சக்கரம் இழுத்தாலும் சும்மாதான் சுழலும். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் போர்வீல், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, ஓட்டுபவர்கள் சஸ்பென்ஷனை மாற்றி 2 அங்குலம் உயர்த்தக் கேட்பது இதற்காகத்தான். அதை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் அதே வண்டிதான் மாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஈப்போ சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடப்போகிறது.

பலர் முதலில் உயரத்தை முடிவு செய்கிறார்கள், அப்புறம் பாகம் வாங்குகிறார்கள், சம்மன் வந்த பிறகு விதியைத் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்ப வேண்டும். முதலில் கிரான் எனப்படும் வண்டியின் பதிவு ஆவணமும் விதியும், அடுத்து வண்டி சுமக்கும் எடை, அதற்கப்புறம்தான் பாகம்.

சட்டம் கேட்பது என்ன

இரண்டு சட்டங்கள் இதில் வருகின்றன. ஒன்று 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். மற்றொன்று வாகனங்களின் அமைப்பும் பயன்பாடும் பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகள். வண்டி விற்பனைக்கு வரும் முன்பே அதன் தயாரிப்பாளர் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் விடிஏ எனப்படும் வகை அங்கீகாரம் வாங்குகிறார். பிரேக், ஸ்டியரிங், விளக்கு எல்லாம் அந்த அமைப்பில் பார்க்கப்பட்டவை. நீங்கள் ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்தும்போது, அங்கீகாரம் பெற்ற வண்டியும் சாலையில் ஓடும் வண்டியும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால்தான் மாற்றத்துக்கு ஜேபிஜேயின் அனுமதி கேட்கப்படுகிறது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் அப்சோபர் தேய்ந்தால், அதை அதே உயரத்துக்கு உரிய புதியதாக மாற்றுவது சாதாரணப் பராமரிப்பு. உயரம் கூடும்போது கதை வேறு.

கடையில் "இது அப்ரூவ் ஆன கிட்" என்பார்கள். பெட்டியில் ஒட்டிய தரச் சான்று அந்தப் பாகத்தின் தரத்தைச் சொல்கிறது. உங்கள் வண்டி எண்ணுக்கு அது அனுமதி ஆகாது. அனுமதி தருவதும் மறுப்பதும் ஜேபிஜேயின் கையில் இருக்கிறது. இத்தகைய தொழில்நுட்பக் கேள்விகளை அங்கே வாகனப் பொறியியல் பிரிவு கவனிக்கிறது. பேராக்காரர்கள் ஈப்போவில் உள்ள மாநில அலுவலகத்தில் தொடங்கலாம்.

பாகத்துக்கு முன்பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தில் வண்டியின் மாடல், ஆண்டு, சேசி எண், போடப்போகும் ஸ்பிரிங்கின் பாக எண், எத்தனை மி.மீ. உயரும், டயர் அளவு மாறுமா, எந்தப் பட்டறை பொருத்தும் ஆகிய எல்லாம் இருக்கட்டும். பாகத்தின் விளக்கத்தாளையும் கிரான் நகலையும் அடையாள அட்டை நகலையும் இணையுங்கள். "சஸ்பென்ஷன் மாற்றலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். கவுண்டரில் வாயால் கிடைத்த பதிலை வைத்துக்கொண்டு சாலைத் தடுப்பில் வாதாட முடியாது.

வண்டி இன்னும் கடனில் இருந்தால், 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி கடன் முடியும் வரை உரிமையாளர் வங்கிதான். ஒப்பந்தத்தில் மாற்றம் செய்யக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து, வங்கியின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 9ஆம் அட்டவணைப்படி, காப்புறுதி எடுக்கும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்வது உங்கள் கடமை. மாற்றம் செய்த வண்டியை "மாற்றம் இல்லை" என்று குறித்துவிட்டால், விபத்து நடந்த நாளில் அந்த ஒரு குறியே எதிராக வந்து நிற்கும்.

தோட்டத்துக்குள் மட்டும்தானே ஓடுகிறது என்று சிலர் சொல்வார்கள். வீட்டிலிருந்து தோட்டத்துக் கேட் வரை போவது பொதுச் சாலையில்தான். அந்த 3 கிலோமீட்டரிலும் விதி பொருந்தும்.

முதலில் அளவு, அப்புறம் எடை

எதையும் கழற்றுவதற்கு முன் வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். வழக்கமாக ஏற்றும் சாமான் வண்டியிலேயே இருக்கட்டும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு வளைவின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பிவிடும். பழைய வண்டிகளில் இந்த அளவே பாதி உண்மையைச் சொல்லிவிடும். ஸ்பிரிங் தொய்ந்து 20, 30 மி.மீ. இறங்கியிருக்கும். புது ஒரிஜினல் ஸ்பிரிங் போட்டாலே தட்டுவது நின்றுவிடலாம். அப்படியானால் அனுமதிப் பேச்சுக்கே வேலை இல்லை.

அடுத்து எடை. லிஃப்ட் ஸ்பிரிங்குகள் உயரத்தை மட்டும் வைத்துச் செய்யப்படுவதில்லை. வண்டியில் நிரந்தரமாக எவ்வளவு எடை கூடியிருக்கிறது என்பதை வைத்தே தரம் பிரிக்கிறார்கள். முன்பக்கத்தில் இரும்பு பம்பர் 50 கிலோ, இரும்புக் கம்பியோடு வின்ச் 40 கிலோ என்றால் 90 கிலோ எப்போதும் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. இந்த வண்டிக்குக் கனத்த ஸ்பிரிங் சரி. பம்பரும் வின்ச்சும் இல்லாத வண்டிக்கு அதே ஸ்பிரிங்கைப் போட்டால், சொன்ன 50 மி.மீ. 70 மி.மீ.க்கு மேல் போய்விடும், ஒவ்வொரு குழியிலும் வண்டி குதிக்கும். "ஹெவி டியூட்டி போடுங்க பாஸ், நல்லா தாங்கும்" என்ற யோசனை பெரும்பாலும் தவறாகப் போவது இங்கேதான்.

பின்பக்கத்தில் எப்போதும் இருக்கும் சுமையையும் எப்போதாவது ஏற்றும் சுமையையும் பிரித்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை 50 கிலோ உர மூட்டை பத்து ஏற்றும் பிக்கப்புக்கு, வெறும் வண்டியாக ஓடும் ஆறு நாளையும் கணக்கில் வைத்தே லீஃப் ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முன்பக்கம்

ஹைலக்ஸ், ஃபோர்ச்சூனர், டிரைட்டன், ரேஞ்சர் ஆகியவற்றின் அண்மைக்கால மாடல்களுக்கு முன்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷன். அப்சோபரும் ஸ்பிரிங்கும் ஒரே கட்டாக, சக்கரத்தைச் சேசியோடு இணைக்கும் கீழ்க் கையின் நடுப்பகுதியில் பிடித்திருக்கும். சக்கரம் அதற்கு வெளியே இருக்கிறது. அதனால் அப்சோபரின் தலைமேல் 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு உயர்வு வரும். இது தெரியாமல் "2 அங்குலம் வேண்டும்" என்று 50 மி.மீ. ஸ்பேசர் வாங்குபவர்கள் உண்டு. விளைவு 4 அங்குலம். அந்த உயரத்தில் டிரைவ் ஷாஃப்டின் மூட்டு சாய்வுக்கு மேல் சாய்ந்து, ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறிக்கும். மேல் கை ஸ்பிரிங்கில் உரசும், பால் ஜாயிண்ட் அதன் எல்லையில் போய் முட்டும்.

ஸ்பேசர் மலிவானது. ஆனால் அதில் இன்னொரு குறை மறைந்திருக்கிறது. அப்சோபர் கட்டின் நீளம் கூடிவிடுவதால், குழியில் முழுதாக அமுங்கும்போது வண்டியின் ரப்பர் பம்ப்ஸ்டாப் தொடுவதற்கு முன்பே அப்சோபரின் உள்ளே இரும்போடு இரும்பு இடிக்கும். சில மாதத்தில் எண்ணெய் கசியும். எங்கள் பரிந்துரை: ஸ்பேசரைத் தவிர்த்து, உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கையும் அதற்குப் பொருந்தும் அப்சோபரையும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து ஒரே செட்டாக வாங்குங்கள். 40 முதல் 50 மி.மீ. வரை நின்றுகொண்டால் மூட்டுகள் பெரும்பாலும் தாங்கும். அதற்கு மேல் போனால் மேல் கை, டிஃபரென்ஷியலை இறக்கும் துண்டு, நீளமான பிரேக் குழாய் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு கூடுதல் பாகமும் ஜேபிஜேக்கு விளக்க வேண்டிய இன்னொரு மாற்றம்.

சில செட்டில் இடது, வலது ஸ்பிரிங் வேறு வேறு. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த செட்டில் "டிரைவர் பக்கம்" என்று போட்டிருந்தால் அது இடது பக்கம். நம் வண்டியில் டிரைவர் வலது பக்கம். அப்படியே மாட்டினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

பின்பக்கம்: பிரேக்கைப் பாருங்கள்

பின்னால் காயில் ஸ்பிரிங்கும் முழு அச்சும் உள்ள வண்டியில் அச்சைப் பக்கவாட்டில் பிடிக்க ஒரு நீளக் கம்பி இருக்கும். வண்டி உயர்ந்ததும் அந்தக் கம்பி அச்சைச் சில மி.மீ. ஒரு பக்கம் இழுத்துவிடும். அளவு மாற்றக்கூடிய கம்பி போட்டால் நேராகும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில், ஸ்பிரிங்கின் நுனியைச் சேசியோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமானதாக மட்டும் போட்டு உயர்த்தினால் அச்சின் மூக்கு சாய்ந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும். அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ-போல்ட்டைக் கழற்றினால் புதிதாகவே மாட்டுங்கள். ஒருமுறை இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடி பிடிக்காது. 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

அநேகப் பட்டறைகள் விட்டுவிடும் ஒன்று: பல பிக்கப்களிலும் பழைய எஸ்யூவிகளிலும் பின் அச்சுக்கு மேலே, சேசியில், கையளவு இரும்பு வால்வு ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி கீழே இறங்கி அச்சோடு இணையும். வண்டியின் பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை அந்தக் கம்பி வால்வுக்குச் சொல்லும். சுமை இருந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும், வெறுமையாக இருந்தால் குறையும். வண்டியை 50 மி.மீ. உயர்த்திவிட்டுக் கம்பியை அப்படியே விட்டால், உர மூட்டை ஏற்றிய நாளிலும் வால்வு வண்டி வெறுமை என்றே நினைக்கும். பின் பிரேக் போதிய அளவு பிடிக்காது, நிறுத்தும் தூரம் நீளும். மேட்டிலிருந்து இறங்கும் ஈரச் சாலையில் அது உயிர் விஷயம். உயர்ந்த அளவுக்கு ஏற்றபடி கம்பியின் பிடியை மாற்றி வைக்க ஒரு சின்னத் துண்டு போதும். பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் குனிந்து உங்கள் கண்ணால் பாருங்கள்.

பொருத்தும்போது ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி ஜேக்கில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பிரேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பும்போது இழுபடக் கூடாது. அதே நாளில் அலைன்மெண்ட் செய்ய வேண்டும். உயர்த்தினால் காஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும், ஸ்டியரிங் தானாக நேராகாமல் அலையும். முன் விளக்கையும் இறக்கிவிடுங்கள். குறுகலான தோட்டச் சாலையில் எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் பெரும்பாலும் உயர்த்திய வண்டிகளிலிருந்துதான் வருகிறது.

டயர் விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்பிரிங் உயர்த்தினால் வண்டியின் வயிறு உயரும், பின் அச்சின் நடுவில் டிஃபரென்ஷியல் உள்ள குடம் அதே இடத்தில்தான் இருக்கும். குடத்தை உயர்த்துவது டயர் ஒன்றுதான். 265/65ஆர்17 டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ., 265/70ஆர்17க்கு 803 மி.மீ. ஆக 13 மி.மீ. உயர்வு. 285/70ஆர்17க்குத் தாவினால் விட்டம் 831 மி.மீ. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 107இல் ஓடும்.

பரிசோதனையில் என்ன நடக்கும்

ஜேபிஜே பரிசோதனைக்கு அனுப்பினால் வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமில் இணையம் வழி நேரம் பதிந்துகொண்டு போங்கள். பக்க வழுக்கல் (நேராக ஓடும்போது சக்கரம் பக்கவாட்டில் நழுவுவது), சஸ்பென்ஷன், பிரேக், முன் விளக்கு, வண்டியின் அடிப்பகுதி எல்லாம் பார்ப்பார்கள். அலைன்மெண்ட் விட்டிருந்தால் பக்க வழுக்கலிலும், வால்வுக் கம்பியை விட்டிருந்தால் பிரேக்கிலும், விளக்கை விட்டிருந்தால் விளக்கிலும் விழும். வண்டியை விற்கும்போது உரிமை மாற்றத்துக்கான பி5 பரிசோதனையும் இருக்கிறது. அனுமதி இல்லாத மாற்றம் அப்போது வெளிப்பட்டால் பேசி முடித்த விலையும் ஆட்டம் காணும். கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங், அப்சோபர், போல்ட் எல்லாவற்றையும் எண்ணெய் பூசிப் பையில் கட்டி வைத்திருங்கள். அனுமதிக் கடிதம், பட்டறை ரசீது, அலைன்மெண்ட் தாள் மூன்றின் நகலும் வண்டியிலேயே இருக்கட்டும்.

ரசீதில் "சஸ்பென்ஷன் 1 செட்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். பாக எண், உயர்வு மி.மீ.இல், கூலி தனியாக, உத்தரவாதக் காலம் எல்லாம் வேண்டும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், செய்த வேலையில் நியாயமான கவனமும் திறமையும் இருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டிக்குத் தவறான பாகம் போட்டுவிட்டுப் பட்டறை கைவிரித்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். வியாபாரத்துக்கு ஓடும் வண்டி இதில் சேராது. முன்பு நான்கு மூலையிலும் அளந்து எழுதிய தாளையும் மனுவோடு இணையுங்கள்.