பொதி குடுக்க முன்ன கடன் கார்ட்டக் கேளுங்க

மட்டக்களப்பு டவுனச் சுத்தியிருக்கிற ஏழைச் சனத்துக்குள்ள, திராய்மடு, பாலமீன்மடு, கருவப்பங்கேணி பக்கமெல்லாம் ஊழியம் செய்யிற பாஸ்டர்மாருக்கும் சபையில சமூக வேலையெண்டு ஓடித்திரியிற தம்பி தங்கச்சிமாருக்கும்தான் இத எழுதுறன். குடும்பக் கடன் விஷயத்தில சபைகளோட நிண்டு வேலை செய்யிறதுதான் என்ட தொழில். எல்லாச் சபையிலயும் பார்க்கிற ஒரு விஷயம் என்னெண்டா, உலர் உணவுப் பொதி குடுக்கிறாங்க, ஜெபிக்கிறாங்க, போட்டோ எடுக்கிறாங்க, ஆனா அந்த வீட்டுக்கு கிழமைக்கு எத்தின லோன்காரர் வாறாங்க எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்ல.

ஞாயிறு ஆராதனைக்கு ஒழுங்கா வந்த அக்கா திடீரெண்டு வராம விட்டா நாங்க "விசுவாசத்தில பின்வாங்கிட்டா" எண்டு சொல்லிப்போடுவம். அனேகமா அவ பின்வாங்கினது கடன்காரருக்குத்தான். அவவோட ஒண்டா லோன் எடுத்த குறூப்பில இருக்கிற மத்தப் பொம்பிளைகளும் அதே சபைக்குத்தான் வாறாங்க, இவ கட்டாத கட்டுப்பணத்த அவங்க போட்டுக் கட்டியிருப்பாங்க, பிறகு எந்த முகத்தோட பக்கத்துக் கதிரையில வந்து இருக்கிற?

குழுக்கடன் நடக்கிற விதம் தெரியாதவங்களுக்காகச் சொல்றன். அஞ்சாறு பொம்பிளைகள் ஒரு குறூப், ஒருத்தருக்கு மத்தவங்க பிணை. கிழமையில ஒரு நாள் காலமை ஆராவது ஒரு வீட்டு முத்தத்தில கூடோணும். ஒராள் காசு கொண்டுவராட்டி மத்தவங்க எழும்பிப் போகேலாது. சமைக்காம, புள்ளையப் பள்ளிக்கு அனுப்பாம மத்தியானம் வரைக்கும் இருந்த குறூப்புகள் இருக்கு. அந்த வெக்கத்துக்குப் பயந்துதான் ஒரு லோன கட்ட இன்னொரு லோன், அதக் கட்ட மீற்றர் வட்டி (தனியாக்களிட்ட எடுக்கிற, கெதியா ஏறுற வட்டிக் காசு), கடைசியில தோடும் தாலியும் அடகுக்கடையில.

வீடுகளுக்குப் போனா நான் கேக்கிற முதல் சாமான், லோன் கட்டுற கணக்க எழுத கொம்பனி குடுக்கிற கார்ட்டுகள்தான். ஒரு அக்கா பைபிள் கவருக்குள்ளயே வச்சிருந்தா, நாலு கொம்பனியின்ட நாலு கார்ட், றப்பர் பேண்ட் போட்டு. மனிசனுக்குத் தெரிஞ்சது ரெண்டுதானாம். "மிஸ், மத்த ரெண்டையும் சொல்லிப்போடாதீங்க" எண்டு மெல்லமாச் சொன்னா. நாலையும் பாயில பரப்பி வச்சு எந்தக் கிழமை எவ்வளவு எண்டு கொப்பியில எழுதிக் கூட்டினம், வீட்டுக்கு வாற உழைப்ப விட கட்டுப்பணம் கூட. இந்தக் கணக்க அவவோட இருந்து ஆரும் அதுக்கு முதல் பார்த்திருக்கேல்ல.

வட்டி விஷயத்தயும் பாருங்க. 50,000 ரூவா லோன், வருஷத்துக்கு 24 வீதம், 52 கிழமை எண்டா வட்டி 12,000, கிழமைக்கு 1,192 ரூவா மட்டில வரும். கேக்க பெரிசில்லத்தான். ஆனா கிழமைக்குக் கிழமை முதல் குறைஞ்சுகொண்டு போகுது, வட்டி மட்டும் கடைசிவரைக்கும் முழு 50,000க்கும் போட்டது. குறையிற முதலுக்குக் கணக்குப் பார்த்தா அது 44 வீதம் மட்டில வரும். அதுக்குமேல இன்சூரன்ஸ், டொக்கியுமென்ட் சார்ஜ் எண்டு கையில தர முதலே கழிச்சா இன்னும் கூடும்.

2018ல அரசாங்கம் வறட்சி பாதிச்ச 12 மாவட்டத்துப் பெண்கள்ட ஒரு லட்சத்துக்கு உட்பட்ட, கட்டேலாம நிண்ட நுண்கடன்கள ரத்துச் செய்யிற திட்டம் கொண்டுவந்தது, அதில மட்டக்களப்பும் அம்பாறையும் இருந்தது. நல்ல விஷயம்தான், ஆனா கடன் எடுக்க வச்ச காரணம் அப்பிடியே கிடந்தது, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி வந்து எல்லாத்தயும் புரட்டிப்போட்டுது. திராய்மட்டயே எடுங்க, சுனாமிக்குப் பிறகு கரையோரக் குடும்பங்களக் கொண்டுவந்து இருத்தின இடம், வீடு கிடைச்சது, ஆனா மீன்பிடிக்கப் போறவருக்குக் கடல் தூரமாப் போயிட்டு, போக்குவரத்துச் செலவுக்கே உழைப்பில ஒரு பங்கு போகுது.

இனி சபைக்குள்ள வருவம். 2 இராஜாக்கள் 4ம் அதிகாரத்தில ஒரு விதவை எலிசாவிட்ட வாறா, கடன் குடுத்தவன் ரெண்டு புள்ளைகளயும் அடிமையாக்க வந்திட்டான் எண்டு. எண்ணெய் பெருகின அற்புதத்த நாங்க நல்லாப் பிரசங்கம் பண்ணுவம். ஆனா எலிசா கேட்ட கேள்வி "உன் வீட்டில என்ன இருக்கு?" எண்டது, கடைசியாச் சொன்னது வித்துக் கடனக் கட்டு, மிச்சத்தில சீவி எண்டது. அந்த இடத்தில நிப்பாட்டிப் பிரசங்கம் பண்ணினவங்க குறைவு. நெகேமியா 5ம் அதிகாரம் இன்னும் மோசம், வட்டி வாங்கின பெரியவங்கள சபையக் கூட்டி வச்சுக் கண்டிக்கிறார், எங்கட சபையில வட்டிக்குக் குடுக்கிறவர் முன் வரிசையில இருந்தா நாங்க அந்த அதிகாரத்தத் திறக்கவே மாட்டம். லோன் எடுத்து விசேஷ காணிக்கை போட்டா கர்த்தர் கடன அடைப்பார் எண்டு சொல்ற ஊழியக்காரரும் இருக்கினம். அது ஊழியமில்ல, அஞ்சாவது கார்ட்.

செய்யக்கூடியது இருக்கு. 1991ல ஆபிரிக்காவில நைஜர் நாட்டில கெயார் (CARE) எண்ட உதவி நிறுவனம் தொடங்கின சேமிப்புக் குழு முறை இப்ப கன நாட்டில நடக்குது. குறூப்பில இருக்கிறவங்களே காசு சேத்து, அதிலயே கடன் எடுத்துக் கட்டி, கடைசியில பங்கு பிரிக்கிறது: ஒரு பெட்டி, மூண்டு பூட்டு, மூண்டு பேரிட்ட சாவி, எல்லாருக்கும் முன்னாலதான் திறக்கிறது. சீட்டுப் பிடிச்சுப் பழகின எங்கட பொம்பிளைகளுக்கு இது ஒரு நாளில விளங்கும். வெளியார் காசு ஒரு சதமும் போடாதீங்க, சபைக் காசும்தான், போட்டா அண்டைக்கே அது "சபையின்ட பெட்டி" ஆயிடும், பிறகு ஒருத்தரும் கவனமாப் பாக்காயினம். பங்கு பிரிக்கிறத பள்ளிக்கூடம் தொடங்க முன்ன வச்சா கொப்பிக்கும் சப்பாத்துக்கும் லோன் தேவைப்படாது.

பக்கத்து வீட்டு இந்து அக்காவையும் சேருங்க, ஆராதனைக்கு வரச் சொல்லாதீங்க. இந்த ஊரில மதம் மாத்த வாறாங்க எண்ட பேச்சு எவ்வளவு கெதியாப் பரவும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. 1814ல இங்க வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் பாதிரியார் ஒரு வருஷமும் முழுசா உயிரோட இருக்கேல்ல, அதுக்குள்ள பள்ளிக்கூடம் தொடங்கினார், அதில எல்லாச் சனமும் படிச்சுது.

லோன் ஒபிசர் ராவில வந்து சத்தம் போட்டா, தூஷணம் பேசினா, திகதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் எழுதி வைக்கச் சொல்லுங்க. அனுமதி எடுத்த நிதி நிறுவனமெண்டா மத்திய வங்கிக்கு 1935 இலக்கத்துக்கு அடிச்சு முறைப்பாடு சொல்லலாம். வெருட்டினா பொலிஸ்.

கடைசியா ஆம்பிளைகள். கடன் முழுக்கப் பொம்பிளைட பேரில, ஆனா எடுத்த காசில பாதி எங்க போனதெண்டு கேட்டா மோட்டசைக்கிள் லீசிங்கும் சாராயமும்தான் வெளியில வரும். அவங்கள விட்டிட்டு மாதர் சங்கத்தோட மட்டும் கதைச்சுப் பிரயோசனமில்ல. ஆண்கள் கூட்டத்த ஞாயிறு பின்னேரம் வைக்காதீங்க, அதுக்குள்ள காசு முடிஞ்சிடும். மேசன் வேலைக்கும் கூலிக்கும் போறவங்களுக்கு சனிக்கிழமை பின்னேரம்தான் சம்பளம் கைக்கு வாறது, அந்த நேரத்துக்கு வைங்க, தேத்தண்ணியும் வடையும் குடுங்க, சேமிப்புப் பெட்டியயும் அங்க கொண்டுபோய் வைங்க.